தேயிலை நாற்றுக்குச் சுண்ணாம்பு

என் மனைவியைப் பற்றி ஒரு நினைவு மலர் வரப்போகிறதாம். அவளோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் போன மாதம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, அவள் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் மரியாதையாக நின்று, பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். மண் விஞ்ஞானியாக அவள் செய்ததையெல்லாம் அவர்களே எழுதிக்கொள்வார்களாம். பரிசோதனைக் கூடத்தை விட்டு வயலில் இறங்கிய முதல் பெண், வேளாண் வேதியியலைக் குடியானவனின் பாஷைக்குக் கொண்டுவந்தவர், இத்யாதி. வீட்டில் அவள் எப்படி இருந்தாள் என்பதை மட்டும் நான் எழுதித் தர வேண்டும். "ரெண்டு பக்கம் போதும் சார். கொஞ்சம் ரசமான சம்பவமா இருந்தா நல்லது" என்றார் ஒருவர்.

ரசமான சம்பவங்களுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இருந்ததில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் காலையில் அவள் கொல்லைப்புறத்து மண்ணைத் துளி எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள். அதை என் அம்மா பார்த்துவிட்டாள். "மாட்டுப்பொண் மண்ணு தின்னறாடா. வைத்தியர்ட்ட காமிக்கணுமாக்கும்" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அது பழைய காலத்துச் சோதனை, உப்பா புளிப்பா என்று நாக்கே சொல்லிவிடும், இப்போது அதற்குக் கருவி வந்துவிட்டது, இவளுக்குத்தான் அந்தக் கெட்ட பழக்கம் போகவில்லை என்று நான் கொடுத்த விளக்கம் அம்மாவிடம் எடுபடவில்லை. நானும் அதற்குமேல் முயற்சி செய்யவில்லை.

மொட்டை மாடியில் ஒரு பக்கம் அம்மாவின் வடாம் காயும். இன்னொரு பக்கம், தென்னங்கீற்றுச் சார்ப்புக்குக் கீழே, இவள் ஊர் ஊராகப் போய்க் கொண்டுவந்த மண் பழைய செய்தித்தாள்களின் மேல் உலரும். மண் நிழலில் உலர வேண்டும், வடாம் வெயிலில் காய வேண்டும். அதனால் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடத்தகராறு வரவில்லை. தகராறு மழையோடு வந்தது. இந்த ஊர் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? ஒரு நாள் இடி முழங்கியதும் இரண்டு பேரும் மாடிக்கு ஓடினார்கள். இவள் முதலில் மண்ணை அள்ளினாள். அதற்குள் வடாம் கூழாகிவிட்டது. அம்மா கண்ணை மூடும்வரை அந்த வருஷத்து வடாமைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் மலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கு ரொம்ப சந்தோஷம். நான் அங்கே எழுதாமல் விட்ட ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதக்கூடாது என்றில்லை, மலரில் அதற்கு இடம் கிடையாது. சால்வை போர்த்திய படத்துக்குப் பக்கத்தில் அதைப் போட மாட்டார்கள்.

வேலையில் அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அவள் சேர்ந்த காலத்தில் மண்ணைச் சோதித்துத் தரும் தாள் முழுக்க ஆங்கிலமும் எண்களுமாக இருக்கும். விவசாயி அதைப் பயபக்தியோடு வாங்கி, மடித்து, வீட்டுக் கூரையில் செருகிவைத்துவிட்டு, அப்பன் செய்ததையே செய்வான். இவள் அந்தத் தாளின் பின்பக்கத்தில் தன் கையால் மலையாளத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுத ஆரம்பித்தாள். 'சாம்பலைக் கொட்டிவிடாதே, வாழைக்குப் போடு.' 'மழை விடும்வரை யூரியா வேண்டாம்.' அவ்வளவுதான். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு ஒரு வாக்கியம். மூன்று சொன்னால் மூன்றையும் மறந்துவிடுவான், ஒன்று சொன்னால் செய்துவிடுவான் என்பது அவள் கணக்கு. மேலதிகாரிகள் முதலில் முகம் சுளித்தார்கள். இது என்ன விஞ்ஞானக் கூடமா, தண்டோரா போடுகிற இடமா என்று கேட்டவர்கூட உண்டு. பிறகு சொன்னபடி செய்தவர்களின் வாழையும் மரவள்ளியும் பேச ஆரம்பித்தன. மற்றக் கூடங்களிலும் பின்பக்கத்தில் எழுதினார்கள். சால்வை போர்த்தியது அதற்குத்தான்.

என்னிடம் பேசும்போது மட்டும் அந்தக் கொள்கையைக் கழற்றிவைத்துவிடுவாள். மாடிப்படியில் ஆரம்பித்த விஷயம் சாப்பிட்டுக் கை கழுவும்வரை ஓடும். "எனக்கும் அந்தத் தாளிலே ஒரு வரி எழுதிக் கொடுத்துடேன், புண்ணியமாப் போகும்" என்று கேலி செய்வேன். "நீங்க சொன்னா செய்யற ஜாதியா என்ன?" என்று திருப்பிக் கொடுப்பாள்.

இன்னொரு காரியமும் செய்தாள். சோதனைத் திரவம் மண்ணில் பட்டதும் என்ன நிறம் காட்டுகிறதோ, அந்த நிறத்தில் நூல் தேடிச் சாலைக் கடைத்தெரு முழுவதும் அலைந்தாள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வரிசையாக ஒரு அட்டையில் சுற்றிக்கொண்டாள். சிவப்புப் பக்கம் என்றால் மண் புளித்திருக்கிறது, பச்சையைத் தாண்டினால் காரம் ஏறியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடத் தங்கள் மண்ணின் குணத்தைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். நூல்கடைக்காரர் அவளைத் தையல் டீச்சர் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

பொன்முடிக்கு அவள் போனது தேயிலைக்காக அல்ல. மலைச் சரிவில் மழை எவ்வளவு மண்ணைக் கரைத்துக்கொண்டு போகிறது என்று பார்க்கத்தான் போனாள். அலுவலக ஜீப் அவளுக்கு மட்டும் எப்போதும் பழுதாகவே இருக்கும், அதனால் பஸ். மருமகளைத் தனியாக மலைக்கு அனுப்புவதா என்று அம்மா முறைத்ததால் விடுமுறை நாட்களில் நானும் கூடப் போனேன். ஒரு அரசு அலுவலகத்தில் கோப்புகளை இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு நகர்த்திய எனக்கு, மலையேறுவது முதலில் தண்டனையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வயிறு புரளும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு நான் கண்ணை மூடியிருக்க, அவள் ஜன்னல் வழியாக அறுத்துவிட்ட மண்சுவரின் அடுக்குகளைப் பார்த்து, "பாருங்கோ, பாருங்கோ" என்று முழங்கையால் இடித்துக்கொண்டே வருவாள். போகப் போகப் பழகிவிட்டது. அம்மா சொல்லாமலேயே போக ஆரம்பித்தேன்.

அங்கே ஒரு எஸ்டேட்டில் லயம் என்கிற வரிசை வீடுகள் இருந்தன. ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. இருந்தவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ வந்தவர்கள். இவள் பேசிய அக்ரகாரத் தமிழ் அவர்களுக்கு வேடிக்கை. ஆனாலும் தமிழ். 'மண்ணு டாக்டரம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி எஸ்டேட் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. நடக்க முடியாத தாயாரோடு கடைசி அறையில் இருந்தாள். தேயிலை நாற்றுகளைக் குளிப்பாட்டித் தலை வாரிவிடாத குறையாக வளர்ப்பாள். ஆனால் அறைக்குப் பின்னால் அவள் போட்ட அவரைதான் வளர மறுத்தது.

"மொளைக்கத்தான் செய்யுது, டாக்டரம்மா. ஒரு சாண் வந்ததும் அப்படியே நின்னுருது. என்னத்தப் போட்டாலும் இதே கததான். இந்த வரிசையில எல்லாருக்கும் இப்பிடித்தான்" என்றாள்.

இவள் ஒரு கிண்ணத்தில் மண்ணை வைத்துத் திரவத்தை விட்டு, அட்டையைப் பக்கத்தில் பிடித்தாள். பெண்களெல்லாம் சுற்றிக் குனிந்து பார்த்தார்கள். சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் நின்றது. "புளிச்ச மண்ணு. சுண்ணாம்பு போட்டா சரியாப் போயிடும்" என்றாள். வழக்கம்போல அத்தோடு முடித்துக்கொண்டாள். அறைகளுக்கு வெள்ளையடிக்க எஸ்டேட் கொடுக்கும் சுண்ணாம்பு ஒவ்வொரு வீட்டிலும் மிச்சம் இருந்தது. அதனால் அந்தப் பெண்களுக்கு அது பெரிய காரியமாகப் படவில்லை.

இறங்கும்போது பஸ்ஸில் எனக்கு மீதியைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவரைக்கு ஆகாத அந்தப் புளிப்புதான் தேயிலைக்கு உயிர். புளிப்பைப் போக்கிவிட்டால் தேயிலை வெளுத்துப்போகும். ஒரே சரிவு, ஒரே மண், ஒன்றுக்கு விஷம் இன்னொன்றுக்குச் சோறு. அவள் அதை ரசித்துச் சொன்னாள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு நான் தலையாட்டினேன். யாருக்குத் தெரிந்திருக்க வேண்டுமோ அவர்கள் மேலே இருந்தார்கள். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். எனக்கு அப்படி ஒரு கேள்வியே தோன்றவில்லை.

மறுபடி நாங்கள் போனபோது லயத்துக்குப் பின்புறம் பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. அவரை பந்தல் ஏறியிருந்தது. மிளகாய், கத்தரி, ஒரு வீட்டில் முட்டைக்கோஸ்கூட. நாற்றங்கால்காரி பை நிறைய அவரைக்காய் பறித்து என் கையில் திணித்தாள். "நீங்க சொன்ன ஒத்த வார்த்தைல, டாக்டரம்மா" என்றாள். என் மனைவியின் முகத்தை நீங்கள் அன்று பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ மேடைகளில் அவளைப் பார்த்திருக்கிறேன், அந்தச் சந்தோஷம் ஒன்றிலும் இல்லை. அந்த அவரைக்காய் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குப் போயிற்று. அம்மா பொரியல் செய்து, "மண்ணு தின்னதுக்குப் பலன் இருக்காக்கும்" என்று முதல் தடவையாக ஒரு நல்ல வார்த்தை சொன்னாள்.

அடுத்த முறை எஸ்டேட்டிலிருந்தே ஜீப் வந்தது. நாற்றங்காலில் தேயிலை நாற்றுகள் மஞ்சளடித்துவிட்டன, மேடம் உடனே வந்து பார்க்க வேண்டும் என்று மேனேஜர் ஆள் அனுப்பியிருந்தார். அன்று எனக்கும் விடுமுறை. ஜீப்பில் போவது பெரிய மனுஷத்தனமாக இருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன்.

பந்தல் நிழலில் சின்னச் சின்ன பாலிதீன் பைகளில் வரிசை வரிசையாக நாற்றுகள். பாதிக்குமேல் எலுமிச்சை நிறத்தில் இருந்தன. இலையின் நரம்புகள் மட்டும் பச்சை. மேனேஜர் ஒரு பக்கம், நாற்றங்கால்காரி ஒரு பக்கம். என் மனைவி குந்தி உட்கார்ந்து ஒரு பையைத் திருப்பிப் பார்த்தாள். மேல்மண்ணில் வெள்ளைத் துணுக்குகள் தெரிந்தன. நானே பார்த்தேன். அதற்குமேல் சோதனை தேவையே இல்லை. ஆனாலும் திரவத்தை விட்டாள். பச்சைக்குப் போய் நின்றது.

"சுண்ணாம்பு" என்றாள்.

"கும்மாயமோ? தேயிலக்கோ?" என்றார் மேனேஜர், சுண்ணாம்பா, தேயிலைக்கா என்று திகைத்துப்போய். பிறகு நாற்றங்கால்காரியிடம் திரும்பி, "ஆரு பறஞ்ஞு நின்னோடு?" என்று கேட்டார், யார் உன்னிடம் சொன்னது என்று. கத்தவில்லை. அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு மேலே ஒருவர் இருந்தார், அவருக்கு இவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "யாரும் சொல்லலை சார். நானாத்தான் போட்டேன். ஒரு வரிசை மட்டும் சவலையாக் கெடந்துச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு. அவரைக்கு அப்படிக் கேட்டுச்சேன்னு ஒரு சிட்டிகை போட்டேன். பொறவு மத்ததுக்கும் போட்டேன்."

டாக்டரம்மா என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. என் மனைவி பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. வேண்டுமென்றேதான் திரும்பவில்லை என்பது எனக்கே புரிந்தது.

என் மனைவி எழுந்தாள். கையெல்லாம் மண். "ஞான் தன்னெயா பறஞ்ஞது" என்றாள், நான்தான் சொன்னேன் என்று. மேனேஜருக்கு முகத்தில் ஈயாடவில்லை. நாற்றங்கால்காரி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். அதற்குப் பிறகு என் மனைவி, எதையும் துல்லியமாகச் சொல்லிப் பழகியவள், அடுத்ததையும் சொன்னாள். வீட்டுத் தோட்டத்து அவரைக்குத்தான் சொன்னேன், தேயிலைக்குச் சொல்லவில்லை என்றாள்.

அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. ஆனால் மேனேஜர் முகம் தெளிந்துவிட்டது. அரசாங்கத்துப் பெண்மணியோடு மனஸ்தாபம் இல்லாமல் விஷயம் முடிந்ததே என்ற நிம்மதி. "கேட்டல்லோ? மேடம் பயறினு பறஞ்ஞு. நீ கொண்டு தேயிலக்கு இட்டு" என்றார் நாற்றங்கால்காரியைப் பார்த்து, மேடம் அவரைக்குச் சொன்னார், நீ கொண்டுபோய்த் தேயிலைக்குப் போட்டாய் என்று. "ஆமா சார்" என்றாள் அவள். அன்று லயத்தில் சொல்லாமல் விட்டதை என் மனைவி, சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாமல், சொல்லக்கூடாத ஆளிடம் சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அது அன்று ஜீப் கீழே இறங்கிய பிறகுதான் உறைத்தது. அவளுக்கு அங்கேயே உறைத்துவிட்டது என்று நினைக்கிறேன். அதனால்தான் மேனேஜரிடம் அத்தனை அவசரமாக வைத்தியம் சொன்னாள். நாற்றுகளைப் பிடுங்க வேண்டாம், புளிப்பு திரும்பக் கொஞ்சம் கந்தகம் போட்டு ஒரு மழைக்காலம் பொறுங்கள், பெரும்பாலும் தேறிவிடும் என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கந்தகம் கேட்டதா என்று பார்க்க அவள் மறுபடி மலையேறியபோது நாற்றங்காலில் புதுப் பைகள், புது நாற்றுகள், புது ஆள். முதலாளி வருகிறார் என்று, நாங்கள் வந்துபோன வாரமே பழைய நாற்றுகளைப் பிடுங்கிக் குழியில் தள்ளியிருந்தார்கள். நாற்றங்கால்காரி பல வருஷமாகத் தற்காலிகக் கூலிதானாம். வேலையை விட்டு நிற்கச் சொல்ல ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. வேலை போனால் லயத்து அறையும் போய்விடும், அதுதான் அங்கே வழக்கம். கடைசி அறையின் வாசலில் வேறு யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. பின்னால் அவரைப் பந்தலில் காய் அடர்ந்து தொங்கியது. அதை வேறொரு குடும்பம் பறித்துக்கொண்டிருந்தது. அந்தத் தாயாரை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் சாலைவரைக்கும் தூக்கி வந்து பஸ் ஏற்றினார்கள் என்று பக்கத்து அறைப் பெண் சொன்னாள்.

என் மனைவி விட்டுவிடவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். மேனேஜரிடம் சண்டை போட்டாள். அறிவுரை அரைகுறையாகக் கொடுத்தது தன் பிழை, அதற்கு அந்தப் பெண் பொறுப்பல்ல என்று எஸ்டேட்டுக்கு எழுதினாள். அவளுடைய சேவையைப் புகழ்ந்து பதில் வந்தது. மேலதிகாரியிடம் போனாள். "நமக்கு மண்ணைப் பார்ப்பதுதான் வேலை, ஆட்களைப் பார்ப்பதல்ல" என்றார் அவர். மலையடிவாரத்து விதுரையில் கடை கடையாகப் போய் விசாரித்தாள். தென்காசிப் பக்கம் போய்விட்டாள் என்றார் ஒருவர், பட்டணத்துக்கு வந்துவிட்டாள் என்றார் இன்னொருவர்.

மலர் போடுகிறவர்களுக்குத் தெரியாத விஷயம் இதற்குப் பிறகு வருவதுதான். அந்த ஒரு வாக்கியக் கொள்கையை அவள் அன்றோடு விட்டுவிட்டாள். தாளின் பின்பக்கம் நிரம்ப ஆரம்பித்தது. எதற்குப் போட வேண்டும், எதற்குப் போடக்கூடாது, பக்கத்து வரப்பில் என்ன இருந்தால் ஆகாது, மழை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று எழுதிக்கொண்டே போவாள். பின்பக்கம் போதாமல் இன்னொரு தாள் இணைப்பாள். நெடுமங்காட்டுக்காரர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மேடமே, இது படிச்சு தீர்ந்நிட்டு க்ருஷி எப்போழா?" என்று கேட்டாராம், இதைப் படித்து முடித்துவிட்டு விவசாயம் எப்போது என்று. கூடத்தில் எல்லோரும் சிரித்தார்களாம். அவளும் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். எழுதியதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால் படிக்க ஆளில்லை. தாள்கள் மறுபடி கூரைக்குப் போயின. அவளால்தான் அவை கூரையிலிருந்து இறங்கியிருந்தன என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது. மலரில் அவளுடைய ஒரு வாக்கிய முறையைத்தான் தலைப்பாகப் போடப்போகிறார்கள். அவள் இருந்திருந்தால் அதை நீக்கச் சொல்லியிருப்பாள்.

அவள் ஓய்வு பெற்றுச் சில வருஷங்களுக்குப் பிறகு, ஒரு நாள் சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டுக் கிழக்கேகோட்டையில் நடந்து வந்துகொண்டிருந்தோம். கோட்டை வாசலுக்கு வெளியே பூக்காரிகள் உட்காரும் இடத்தில், "டாக்டரம்மாதானே?" என்று ஒரு குரல் கேட்டது.

தலை முழுக்க நரைத்திருந்தது. ஆனாலும் அந்த நாற்றங்கால்காரிதான் என்று எனக்கே அடையாளம் தெரிந்தது. ஈரச் சாக்கில் பிச்சிப்பூவைக் குவித்துவைத்துத் தொடுத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி மூட்டுவலிக்காரி, நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரவே மாட்டாள். அன்று நடைபாதையில் அவளுக்கு எதிரே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் செருப்புகளுக்குக் காவல் மாதிரி பக்கத்தில் நின்றேன்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்புறம் தங்கச்சி வீட்டில் இருக்கிறாளாம். அம்மா, மலையை விட்டு இறங்கிய வருஷமே போய்விட்டாளாம். "குளிருக்குப் பழகுன கட்டை. இங்க வேக்காடு தாங்கல" என்றாள். யாரையும் குற்றம் சொல்கிற தொனி இல்லை. என் மனைவி மன்னிப்புக் கேட்டாள். எத்தனை வருஷமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்தாளோ, ஒன்றையும் விடாமல் சொன்னாள். பஸ்ஸில் என்னிடம் சொன்னதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றாள். மேனேஜரிடம் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்றாள். அழுதாள். நாற்றங்கால்காரி கையை நிறுத்தாமல் தொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு அவளுக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது.

"அந்த நாத்தெல்லாம் பொழைச்சுட்டுல்லா, டாக்டரம்மா?"

என் மனைவி அவளைப் பார்த்தாள்.

"நீங்க சார்ட்ட என்னமோ மருந்து சொன்னீங்கள்லா. பொழைச்சிருக்கும், பொழைச்சிருக்கும்னு அம்மாட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன். நாத்து நல்லாயிட்டே, பொறவு ஏன் நம்மளத் திருப்பிக் கூப்பிடலைன்னு அம்மா கேப்பா. அந்தச் சாரை நாங்க ரெண்டு பேரும் ஏசாத ஏச்சு இல்ல."

"இல்லம்மா. பொழைக்கலை" என்றாள் என் மனைவி. "அந்த வாரமே பிடுங்கிப் போட்டுட்டா."

பூத்தொடுத்த கை நின்றது. "அம்புட்டுமா?"

"அம்புட்டும்."

பிறகு என் மனைவி அவசர அவசரமாக மற்றதையெல்லாம் சொன்னாள். பிடுங்காமல் விட்டிருந்தால் தேறியிருக்கும், அது சாகிற மஞ்சள் இல்லை, கந்தகம் போட்டுப் பொறுத்திருந்தால் போதும், பொறுக்காதது அவர்கள் தப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எல்லாம் சரிதான். ஆனால் நாற்றங்கால்காரியின் காதில் அதொன்றும் விழவில்லை என்று நின்றுகொண்டிருந்த எனக்கே தெரிந்தது. 'அம்புட்டும்' என்ற இடத்திலேயே அவள் நின்றுவிட்டாள். பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா போனதைச் சொன்னபோது கலங்காத கண் இப்போது கலங்கியது.

"அப்பம் சார் எங்களப் போகச் சொன்னது நியாயந்தானே, டாக்டரம்மா" என்றாள். "பாவம், அவரப் போயி வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன்."

தொடுத்ததில் ஒரு முழத்தைக் கிள்ளி என் மனைவி மடியில் வைத்தாள். யாரோ பூ கேட்டு வந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் கைகொடுத்து இவளை எழுப்பினேன். ஸ்ரீவராகத்துக்கு நடந்தோம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை, கையில் கிடைத்தவள் இவள்தான்.

"பொழைச்சுதுன்னு சொல்லிட்டா என்னவாம்? அவ மலையேறிப் பாக்கவா போறா?" என்றேன்.

"பொழைச்சுதுன்னா, பின்னே என்னை எதுக்கு அம்மாவோட எறக்கிவிட்டான்னு அவளுக்குத் தோணாதா? செத்துதுன்னா எல்லாம் தன் தப்புன்னு தோணறது. எதைச் சொன்னாலும் அவளுக்குத்தான் வலிக்கறது, கேட்டேளா. இனிமே அவகிட்ட சொல்றதுக்கு நல்ல வார்த்தைன்னு ஒண்ணு கிடையாது."

"அப்போ எப்போதான், என்னதான் சொல்லியிருக்கணும்கறாய்?"

அவள் நின்றுவிட்டாள். மடியில் வைத்த பூவைத் தலையில் வைத்துக்கொள்ளாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மேனேஜர்ட்ட, நான்தான் சொன்னேன்னேனே. அதோட நிறுத்தியிருக்கணும்."